பரிசிலர் முதல் விருதாளர் வரை: ஒரு சொல் வரலாறு

ஒரு சமுதாயம் எவரைப் போற்றுகிறது என்பதை அதன் வரலாறு காட்டும். எவ்வாறு போற்றுகிறது என்பதை அதன் சொற்கள் காட்டும். ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் நோபல் பரிசுகள் அறிவிக்கப்படும்போது, தமிழ் இதழ்கள் ஒரே செய்தியைப் பல சொற்களால் எழுதுகின்றன. ‘நோபல் பரிசு பெற்றவர்’ என்பது ஓர் இதழின் வழக்கு. ‘நோபல் பரிசை வென்றவர்’ என்பது மற்றொன்றின் வழக்கு. ‘நோபல் பரிசாளர்’, ‘நோபல் விருதாளர்’ என்பனவும் காணப்படுகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு ‘லாரியேட்’ என்னும் ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது. தமிழில் இத்துணைச் சொற்கள் வழங்குவது மொழியின் வறுமையா, வளமையா என்னும் வினா எழுவது இயல்பே.

பெறுவது வேறு, வெல்வது வேறு, உடைமையாகக் கொண்டு ஆள்வது வேறு. மூன்று வினைகளும் மூன்று உறவுகளைக் குறிக்கின்றன. பெறுபவருக்கு மேலே ஒரு கொடுப்பவர் இருக்கிறார். வெல்பவருக்கு எதிரே ஒரு தோற்றவர் இருக்கிறார். ஆள்பவருக்கோ சிறப்பு அவருடையதாகவே ஆகிவிடுகிறது. ஆகவே, எச்சொல்லைத் தேர்வது என்பது மொழிபெயர்ப்புச் சிக்கல் மட்டுமன்று. சிறப்பு எங்கே குடியிருக்கிறது என்னும் கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது. தமிழர் இரண்டாயிரம் ஆண்டுகளாக இக்கேள்விக்குத் தந்துவந்த விடைகளை முறைப்படக் காண்பது கவிதைத் தொழில் செய்வார்க்குப் பயன் தருவதாகும்.

இலைமுடியும் வாகைப்பூவும்

‘லாரியேட்’ என்பதன் வேர் ஓர் இலையில் இருக்கிறது. இலத்தீன் மொழியில் ‘லாரஸ்’ என்பது நறுமண இலைகளையுடைய, என்றும் பசுமை மாறாத ஒரு மரம். கிரேக்கர் அதனை இசைக்கும் கவிதைக்கும் உரிய தெய்வமாகிய அப்பல்லோவிற்கு உரியதாகக் கொண்டனர். உரோமானியர் அதன் இலையால் முடி கட்டி, வென்று மீண்ட படைத்தலைவனுக்குச் சூட்டினர். 1341ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் உரோம் நகரின் காப்பிடோலின் குன்றில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்குக்கு அவ்விலைமுடி சூட்டப்பட்டது. போர்க்களத்தின் சின்னம் புலமையின் சின்னமாக மாறிய வரலாற்றில் அந்நாள் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் 1668இல் ஜான் டிரைடன் அரசின் ‘லாரியேட்’ கவிஞராக முறைப்படி அமர்த்தப்பட்டார். அங்கே அச்சொல் அரசுப்பணி ஒன்றின் பெயராயிற்று. 1901இல் நோபல் பரிசுகள் தொடங்கிய பின்னர் அறிவியலார்க்கும் அமைதிப் பணியாளர்க்கும் அதுவே பொதுப்பெயராக விரிந்தது. இன்று அச்சொல்லைக் கேட்பவர் எவருக்கும் இலை நினைவிற்கு வருவதில்லை. எனினும் ‘முடி சூட்டப்பெற்றவர்’ என்னும் பொருள் அதனுள் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இதற்கு நிகரான தமிழ்ச்சொல்லைத் தேடுவார்க்கு முதலில் தோன்றுவது வாகை. வென்றவர் வாகை சூடுதல் தமிழ் மரபு; ‘வெற்றிவாகை சூடினார்’ என்பது இன்றும் மேடைதோறும் ஒலிக்கும் தொடர். ஆயின் இலக்கணம் வகுத்த வாகை, மேடைத்தொடர் காட்டும் வாகையைவிடப் பெரியது. தொல்காப்பியர் வாகைத்திணையைப் போர் வெற்றி என்னும் எல்லைக்குள் அடக்கவில்லை. அவரவர் தத்தமக்கு உரிய செயற்பாட்டில், குற்றமற்ற கோட்பாட்டோடு பிறரினும் மேம்பட்டு விளங்குதலே வாகை என்பது அவர் கொண்ட கருத்து. அரசர்க்கும் வீரர்க்கும் மட்டுமன்றி, அறிவர்க்கும் தவத்தோர்க்கும் ஏனையோர்க்கும் அவர் அதனை உரியதாக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை அரச வாகை, பார்ப்பன வாகை, வாணிக வாகை, வேளாண் வாகை, பொருந வாகை, அறிவன் வாகை, தாபத வாகை எனப் பெயரிட்டு வகைப்படுத்துகிறது. உழுபவனும் வணிகனும் வாகைக்கு உரியவர் என்று இலக்கணம் எழுதிய மொழி தமிழ் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

மேலைநாட்டுச் சொல் போர்க்களத்தினின்று கவிஞனை அடைவதற்கும், கவிஞனினின்று அறிவியலாரை அடைவதற்கும் பல நூற்றாண்டுகள் ஆயின. தமிழ்ச்சொல்லோ தொடக்கத்திலேயே எல்லாத் தொழிலுக்கும் இடமளித்தது. மேலும், வாகைக்குக் கொடுப்பவர் எவரும் வேண்டா. செயலின் மேம்பாடே வாகை. பூ அதன் அடையாளம் மட்டுமே.

பரிசிலும் வரிசையும்

வாகை செயலைச் சுட்டும் சொல் என்றால், பரிசில் உறவைச் சுட்டும் சொல். ‘பரிசு’ என்பதற்குத் தன்மை, விதம் என்பன பழம்பொருள்கள். கல்வெட்டுகளில் வரும் ‘இப்பரிசு’ என்பது ‘இவ்வாறு’ என்றே பொருள்படும். கொடை என்னும் பொருளும் உடன் வழங்கியது. திருமணப் பேச்சில் ‘பரிசம் போடுதல்’ என்னும் வழக்கு வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலும் இன்றளவும் நிலவுகிறது.

சங்க காலத்தில் பரிசில் பெறுவோர் பரிசிலர் எனப்பட்டனர். பாணர், பொருநர், கூத்தர், விறலியர், புலவர் ஆகியோர் அவர்கள். பரிசில் பெற்று மீள்பவர், வறுமையோடு எதிரே வருபவரை வழிப்படுத்தும் ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே அவ்வாழ்விலிருந்து பிறந்தது. பரிசிலர் என்னும் சொல்லில் பெருமையும் உண்டு, பசியும் உண்டு. பரிசில் அன்று புகழின் சான்றிதழ் மட்டுமாக இருக்கவில்லை. சுற்றத்தின் அடுப்பில் ஏறும் உலையாகவும் இருந்தது.

ஆயினும் பரிசிலர் கையேந்துவோராக மட்டும் நின்றிலர். புறநானூற்றின் 208ஆம் பாட்டு இதற்குச் சான்று. பெருஞ்சித்திரனார் தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். மன்னன் அவரை நேரில் காணாமலே பரிசில் அனுப்பிவைத்தான். புலவர் அதனை ஏற்கவில்லை. காணாமல் ஈந்த பொருளை வாங்கிச் செல்வதற்குத் தாம் வணிகம் செய்யும் பரிசிலன் அல்லர் என்றும், தம் தகுதியை உணர்ந்து தருவது தினையளவாயினும் தமக்கு இனிது என்றும் அவர் விடையிறுத்தார். தகடூர் என்பது இன்றைய தருமபுரி; திருப்பத்தூருக்கு அணித்தே உள்ளது. தமிழ் நிலத்தில் பரிசு மறுப்பின் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று இந்த வட்டாரத்து அரசவையைச் சார்ந்தது.

அத்தகடூரை எறிந்த சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையின் அவையில் நிகழ்ந்தது மற்றொன்று. வழிநடை வருத்தத்தால் மோசிகீரனார் அரண்மனை முரசுகட்டிலில் ஏறி உறங்கிவிட்டார். முரசு நீராட்டி வரும்வரை கட்டில் வெறுமையாக இருந்தது. தோல் போர்த்த முரசம் அரசனுடைய வெற்றியின் உருவம். அதன் கட்டிலில் ஏறுவது வாளுக்கு இரையாகும் குற்றம். மன்னன் வாளை எடுக்கவில்லை. கவரி எடுத்து வீசினான். புறநானூற்றின் 50ஆம் பாட்டு இதனைச் சொல்கிறது. பொன்னும் இல்லை, பட்டமும் இல்லை. தமிழ்ப் புலவர் பெற்ற சிறப்புகளுள் இதனினும் உயர்ந்ததைக் காட்டுதல் அரிது. இச்சிறப்பிற்கு அகராதியில் ஒரு பெயரும் இல்லை.

பரிசிலோடு இணைந்து வழங்கிய மற்றொரு சொல் வரிசை. தகுதியறிந்து செய்யும் சிறப்பு என்பது அதன் பொருள். கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம், கொடுப்பது ஒன்றும் கடினமன்று என்றும், வந்தோருடைய தகுதியின் ஏற்றத்தாழ்வை அறிந்து கொடுப்பதே கடினம் என்றும் எடுத்துரைத்தார். புலவர் எல்லாரையும் ஒரே நிறையாக நோக்குதலைக் கைவிடுமாறும் வேண்டினார். புறநானூற்றின் 121ஆம் பாட்டாகிய இது, பரிசு வழங்கும் குழுக்கள் அனைத்திற்கும் எழுதப்பட்ட விதி எனலாம். இன்றைய பேச்சுத்தமிழில் வரிசை என்றால் முன்பின்னாக நிற்கும் மனிதர் நிரல். அல்லது மணமகள் வீட்டுச் சீர். தகுதியை அளந்த சொல் முறைக்காகக் காத்து நிற்பதைக் குறிப்பதாயிற்று. ‘இவ்வாண்டு இவருடைய முறை’ என்று பரிசுகள் பேசப்படும்போது, சொல்லின் பழம்பொருள் மறைந்து புதுப்பொருளே ஆட்சி செய்கிறது.

மாதவி பெற்றதும் விற்றதும்

பொன், பெயர், சின்னம் ஆகிய மூன்றும் ஒருங்கே ஒரு கலைஞருக்கு வழங்கப்பட்டதைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை விரித்துரைக்கிறது. மாதவி பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஆடி அரங்கேறினாள். தலைக்கோலி என்னும் பட்டமும், மன்னனின் மாலையும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். தலைக்கோல் என்பது போரில் புறங்கொடுத்த மன்னனின் வெண்கொற்றக் குடைக் காம்பினால் ஆகியது. நோபல் பரிசுபெறுவோர் இன்றும் பதக்கம், பட்டயம், பணம் என்னும் மூன்றையே பெறுகின்றனர் என்பதை இதனோடு ஒப்பிடலாம். இலையும் பூவும் தொடுத்த மாலை பெற்ற மாதவியே தமிழ்க் காப்பியம் காட்டும் முதல் ‘லாரியேட்’ என்றாலும் பிழையாகாது.

அதன்பின் இளங்கோவடிகள் கூறுவது இன்னும் கூர்மையானது. அம்மாலை கூனி ஒருத்தியின் கையில் கொடுக்கப்பட்டு, நகர நம்பியர் திரியும் தெருவில் விலை கூறப்பட்டது. விலை, அதே ஆயிரத்தெட்டுக் கழஞ்சு. கோவலன் வாங்கினான். திறமையை மதித்த பொன்னின் அளவே ஆளுக்குரிய விலையாகவும் ஆயிற்று. பரிசுக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி எத்துணைக் குறுகியது என்பதைக் காப்பியம் கருத்துரை எதுவுமின்றிக் காட்டிச் செல்கிறது. கதையின் துயரம் முழுவதும் அவ்விடைவெளி அழிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. தலைக்கோலிப் பட்டம் காப்பியக் கற்பனையாகவும் முடிந்துவிடவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆடல்மகளிர் பலர் தலைக்கோலி என்னும் பெயரோடு குறிக்கப்படுகின்றனர்.

பட்டமும் விருதும்

பட்டம் என்பது நெற்றியில் கட்டப்பெற்ற பொற்றகடு. பட்டம் கட்டுதல், பட்டத்தரசி, பட்டத்து யானை ஆகிய வழக்குகள் அதிலிருந்து பிறந்தவை. பல்கலைக்கழகங்கள் வந்தபின் கல்வித் தகுதியும் பட்டமாயிற்று. பழந்தமிழ் வேந்தர் படைத்தலைவர்க்கு ஏனாதி என்றும், வணிகர்க்கு எட்டி என்றும், உழவர் முதலியோர்க்குக் காவிதி என்றும் பட்டம் தந்ததையும், அவற்றோடு மோதிரமும் பொற்பூவும் அளித்ததையும் உரையாசிரியர்கள் குறிப்பிடுவர்.

சோழர் காலத்தில் இம்மரபு மேலும் விரிந்தது. தஞ்சைப் பெரியகோயிலை எழுப்பிய தச்சரின் பெயரைக் கல்வெட்டு ‘குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன்’ எனக் குறிக்கிறது. அங்கேயே மழிப்புத்தொழில் செய்தவருக்கு ‘இராசராசப் பெருநாவிசன்’ என்னும் பெயர் காணப்படுகிறது. கைத்தொழிலாளரையும் பெயர் சுட்டிச் சிறப்பித்தது வாகைத்திணையின் விரிந்த மனப்பான்மையை நினைவூட்டுகிறது. அதே வேளையில், பட்டத்தின் முற்பகுதியில் நிற்பது தச்சரின் பெயரன்று, மன்னனின் பெயர் என்பதையும் மறத்தலாகாது. பட்டம் பெறுபவரைப் புகழ்வது. கொடுத்தவரை நிலைநாட்டுவதும் அதுவே.

விருது என்னும் சொல் வடமொழியில் ‘பிருத’ என வழங்குவது. கொடி, வெற்றிச்சின்னம், மன்னரின் புகழ்ப்பெயர் என்பன தமிழில் அதன் பழைய பொருள்கள். புகழ்ப்பெயர்களைக் கல்லில் நிறைத்தவருள் தலையாயவர் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன். விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன் எனத் தொடரும் அவருடைய விருதுகள் பல. இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடியில், ஒரே பாறையைக் குடைந்து அவர் அமைத்த திருமால் கோயிலின் கல்வெட்டில் குணபரன் என்னும் விருது இன்றும் படிக்கக் கிடைக்கிறது. இவை பிறர் வழங்கியவை அல்ல. மன்னர் தாமே சூடிக்கொண்டவை. விருது என்பது முதலில் பெறப்படும் பொருளாக இல்லை. அறிவிக்கப்படும் பெருமையாகவே இருந்தது. கொடியைப்போல் உயர்த்திப் பிடிப்பதும், கட்டியம்போல் உரக்கச் சொல்வதும் அதன் இயல்பு. வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசனின் வருகையை முழங்குவது அம்மரபின் எச்சம். 1923இல் விருதுநகர் எனப் பெயர் மாறிய விருதுப்பட்டியும், வென்றவரின் விருதுக்கொடி பற்றிய செவிவழிக் கதையோடு தன் பெயரை இணைத்துக் கூறும் ஊரே.

எனவே இன்று விருது என்று வழங்குவது, பழைய பரிசிலின் பொருளையும் பழைய விருதின் ஆரவாரத்தையும் ஒருசேரத் தாங்கியிருக்கிறது.

பெயரோடு ஒட்டலாகாத விருது

ஆங்கில அரசு இராவ்சாகிப், திவான் பகதூர், கான் பகதூர் முதலிய பட்டங்களை வாரி வழங்கியது. டாக்டர் உ.வே. சாமிநாதையருக்கு 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் கிடைத்தது. தோல் வணிகத்தில் பொருளீட்டி அறப்பணிகளுக்கு ஈந்த மேல்விசாரம் அப்துல் ஹக்கீம் பெயரோடு நவாப் என்னும் அடைமொழி பிரியாமல் வழங்குகிறது. ஆயினும் 1965இல் அவர் பெயரால் எழுந்த கல்லூரியே இவ்வட்டாரத்து மாணவர்க்கு அவரை நாள்தோறும் நினைவூட்டுகிறது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு தனது 18ஆம் பிரிவின் வழி, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் நீங்கலாக அரசு பட்டங்கள் வழங்குதலை ஒழித்தது. 1954இல் பாரத ரத்தினா, பத்ம விருதுகள் தொடங்கியபோது, இவையும் பட்டங்கள்தாமே என்னும் ஐயம் எழுந்தது. பாலாஜி இராகவன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் விடை கூறியது. இவை தகுதியைப் போற்றும் விருதுகளே அன்றிப் பட்டங்கள் அல்ல. ஆதலால் பெயருக்கு முன்னோ பின்னோ இவற்றை ஒட்டி எழுதலாகாது என்பது தீர்ப்பு. தமிழில் பட்டம், விருது ஆகிய இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமே வரையறுத்துத் தந்தது போலாயிற்று. பட்டம் பெயரோடு சேர்வது. விருது வாழ்க்கைக் குறிப்போடு சேர்வது. எனினும் விழா அழைப்பிதழ்கள் இத்தீர்ப்பை இன்றளவும் படித்தனவாகத் தெரியவில்லை.

பெயர்மீது ஒட்டும் சிறப்பு குறித்து மேலைநாட்டிலும் ஓர் எழுத்தாளர் கவலையுற்றார். பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர் 1964இல் இலக்கிய நோபல் பரிசை ஏற்க மறுத்தார். சார்த்தர் என்று கையொப்பமிடுவதும், நோபல் பரிசு பெற்ற சார்த்தர் என்று கையொப்பமிடுவதும் ஒன்றல்ல என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. எழுத்தாளர் ஒரு நிறுவனமாக மாற்றப்படுதலை அவர் விரும்பவில்லை. பெருஞ்சித்திரனார் மறுத்தது மதியாத கொடையை. சார்த்தர் மறுத்தது மதிப்பின் சுமையை. இருவரும் காத்தது ஒன்றையே.

அரசவையும் மக்களவையும்

‘லாரியேட்’ கவிஞர் என்பதற்கு ஆத்தானக் கவி என்றும் அரசவைக் கவிஞர் என்றும் தமிழ்ப்படுத்தினர். விடுதலைக்குப்பின் 1949இல் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை சென்னை மாநிலத்தின் அரசவைக் கவிஞரானார். 1978இல் கண்ணதாசன் தமிழ்நாட்டின் அரசவைக் கவிஞராக அறிவிக்கப்பட்டார். மன்னராட்சி நீங்கிய நாட்டில் ‘அரசவை’ என்னும் சொல் நிலைத்தது வியப்பிற்குரியது. குடியரசிற்குப் புதுச்சொல் காணாமல், ஒட்டக்கூத்தர் காலத்துச் சொல்லையே அது எடுத்தாண்டது.

மக்கள் தாமே தந்த சிறப்புகள் வேறு வகையின. 1946இல் அறிஞர் அண்ணாவின் முயற்சியால் 25,000 ரூபாய் திரட்டப்பட்டுப் பாரதிதாசனுக்குப் பொற்கிழியாக அளிக்கப்பட்டது. பொற்கிழி பாண்டியன் அவைக்கு உரிய சொல்; திருவிளையாடற் கதையில் தருமி பெற விழைந்தது அதுவே. பொருள் திரட்டியவர் மாறியபோதும் சொல் மாறவில்லை. இங்கே கொடுத்தவர் ஒரு மன்னர் அல்லர், பலர். தேசிகவிநாயகம் பிள்ளையைக் ‘கவிமணி’ என்று சொன்னாலே அறிவர். சாகித்திய அகாதெமி 1999இல் ‘ஆலாபனை’ என்னும் நூலுக்காகப் பரிசளித்த அப்துல் ரகுமான், வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவர். 2017இல் மறைந்த அவரைத் தமிழுலகம் ‘அகாதெமி விருதாளர்’ என்று நினைப்பதில்லை. ‘கவிக்கோ’ என்றே நினைக்கிறது. திருப்பத்தூரில் 1912இல் பிறந்து, அங்கேயே பள்ளியாசிரியராகவும் பணியாற்றிய மு. வரதராசனார் 1961இல் ‘அகல் விளக்கு’ நாவலுக்காக அகாதெமிப் பரிசு பெற்றார். அவருக்கோ ‘மு.வ.’ என்னும் இரண்டு எழுத்துகளே பட்டமாயின.

அனைத்திற்கும் மேலான சான்று பாரதி. அப்பெயரே ஒரு பட்டம். எட்டயபுரத்து அவையில் இளமையில் வழங்கப்பெற்றது. அதே எட்டயபுரம் சமீன்தாருக்கு 1919இல் அவர் சீட்டுக்கவி விடுத்தார். பரிசிலர் மரபின் கடைசிப் பெருங்குரல் எனத்தக்க அக்கவிக்குப் பரிசில் கிட்டவில்லை. பட்டம் பெயராகி நிலைத்தது. பரிசில் வராமலே போயிற்று. இரண்டிற்கும் நடுவே கவிதை நின்றது.

சொல்லின் தேர்வு

இவ்வரலாற்றின் ஒளியில் இன்றைய சொற்களை எடைபோடலாம். ‘பரிசை வென்றவர்’ என்பது போட்டிக்குப் பொருந்தும். கவிதைப்போட்டியிலும் ஓட்டப்பந்தயத்திலும் வெல்லலாம். நோபல் பரிசுக்குத் தம் பெயரைத் தாமே முன்மொழிய எவருக்கும் இடமில்லை. அங்கே ‘வென்றவர்’ என்பது பொருந்தாது. ‘பரிசு பெற்றவர்’ என்பது நேரிய தொடர். நிகழ்ச்சியை உள்ளவாறு சொல்கிறது. ஆயின் ஒரு நாள் நிகழ்ச்சியையே சொல்கிறது. ‘பரிசாளர்’ சுருக்கமானது, எனினும் பரிசு தருபவரையும் குறிப்பதாக மயங்க இடமுண்டு. பொறுப்பாளர், தொழிலாளர் என்பவற்றில் உள்ளதுபோல் ‘ஆளர்’ விகுதி உடைமையையும் தொடர்ச்சியையும் உணர்த்துதலால், ‘விருதாளர்’ என்பது ‘லாரியேட்’ என்பதற்கு ஓரளவு நெருங்கி வருகிறது. ‘வாகை சூடியவர்’ என்பதோ சொற்பொருளால் மிக நெருங்கியது. தேர்தல் செய்திகளின் மிகுதியால் தேய்ந்துபோனது.

வாகையின் பழம்பொருளை மீட்பதற்குப் பாகாயமே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்தார். அதற்காக 1960இல் லாஸ்கர் விருது பெற்றார். அக்கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீசு 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்பிற்குக் கீழ் உணர்விழந்தார். அதன்பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் தொடங்கப்பெற்ற மறுவாழ்வு மருத்துவ நிலையத்திற்குத் தலைமை தாங்கினார். 1972இல் அவருக்குப் பத்மசிறீ வழங்கப்பட்டது. அவர் பெயருக்கு முன் அவ்விருதை ஒட்டுதல் சட்டப்படி ஆகாது. ஒட்ட வேண்டிய தேவையும் இல்லை. தத்தம் தொழிலில் குற்றமற மேம்படுதல் என்று தொல்காப்பியர் சொன்னதன் பொருளைப் பாகாயத்து மறுவாழ்வு நிலையத்தில் நடை பயில்வோர் தம் கால்களால் அறிவர். விருது அச்செயலை அறிவித்தது, உண்டாக்கவில்லை.

பத்தாண்டு, இருபத்தைந்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டங்கள் பட்டமும் விருதும் வழங்குதல் தமிழகத்து நல்வழக்கம். பொன்னாடையும் கேடயமும் அன்பின் அடையாளங்களே. ஆயினும் கபிலர் எழுப்பிய வினா ஒவ்வொரு மேடைக்கும் முன்னே நிற்கிறது. எல்லார்க்கும் ஒரே அளவில் வழங்கப்படும் சிறப்பு எவருக்கும் சிறப்பாகாது. படித்தறியாமல் வழங்கப்படும் பட்டம், பெருஞ்சித்திரனார் திருப்பியனுப்பிய பரிசிலின் வகையைச் சார்ந்தது. ஒரு கவிஞரின் நூலை ஊன்றிப் படித்து, அதன் நிறையும் குறையும் அறிந்து நாலு சொல் கூறுதலே முதற்சிறப்பு. அது இல்லாத இடத்தில் எச்சொல்லைப் பெயரோடு சேர்த்தாலும் அது கொடியின் துணியே. உள்ளபோது ‘பரிசு பெற்றவர்’ என்னும் எளிய தொடரே போதுமானது.

வாகை மரத்தின் முற்றிய நெற்று காற்றில் அசைந்து கலகலவென ஒலிப்பதைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர், கழைக்கூத்தரின் பறையொலிக்கு ஒப்பிட்டார். பூ உதிர்ந்தபின் எழும் ஒலி அது. அந்நெற்றினுள் விதை உண்டா என்பதை, ஒலியைக் கேட்பவர் அல்லர், உடைத்துப் பார்ப்பவரே அறிவர்.